ஆள் பிடிக்க வந்த ஆள்

எங்கள் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு தகரத் துண்டு கிடந்தது. பழைய எட்டணாக் காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். மேலே கயிறு கோக்க ஒரு ஓட்டை, நடுவில் ஓர் எழுத்தும் எண்ணும் அடித்திருக்கும். சின்ன வயதில் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடியிருக்கிறேன். ஒருநாள் அப்பத்தா பார்த்துவிட்டு, வெடுக்கென்று என் கையிலிருந்து பிடுங்கினார். "இது எங்க ஆத்தா கழுத்துல கிடந்தது, இத வச்சா விளையாடுறே" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அதற்கு டின் டிக்கெட் என்று பெயர் என்பதெல்லாம் நான் வளர்ந்து, படித்துத் தெரிந்துகொண்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்ட முதலாளிகள் செய்த ஏற்பாடு அது. அந்த எண் ஒரு தோட்டத்தின் எண். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டவர் கையில் காசில்லாமலே ரயில் ஏறலாம், கப்பல் ஏறலாம், வழியில் சாப்பிடலாம். செலவெல்லாம் தோட்டத்துக் கணக்கில் போய்ச் சேரும். பிறகு அது அவருடைய பெயரில் கடனாக எழுதப்படும். வேலைக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாளே அவர் கடனாளி.

பரமக்குடியில் 2004-லிருந்து நான் கணினி மையம் நடத்துகிறேன். முதலில் பிரவுசிங் சென்டர், இப்போது ஜெராக்ஸ், இ-சேவை, பயோடேட்டா அடித்துக் கொடுப்பது எல்லாம். இந்த இருபது வருடத்தில் வேலை தேடி வந்த எத்தனையோ பிள்ளைகளின் காகிதங்கள் என் பிரிண்டர் வழியாகப் போயிருக்கின்றன. அவற்றில் பொய்யானவையும் நிறைய. பொய் வேலை என்றதும் அது இன்டர்நெட்டோடு பிறந்தது என்று என் கடைக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அதைப் பார்த்திருக்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பத்தாவின் அம்மா கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கை மலைத் தோட்டத்துக்கு, போனது முதல் உலகப் போர் முடிகிற சமயம். அதற்கும் முன்பு, இலங்கை மலைகளில் காப்பி பயிரானபோது இங்கிருந்து போன ஆட்கள் பெரும்பாலும் ஆண்கள். பழம் பறிக்கிற பருவத்துக்கு நடந்தே போய், பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்புவார்கள். மன்னார்ப் பக்கம் கரையேறி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்த அந்தப் பாதையில் காலராவில் விழுந்தவர்கள் ஏராளம். 1869-ல் காப்பி இலையில் துரு நோய் விழுந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும், பெண்களின் கை வேண்டும். ஆக, குடும்பம் குடும்பமாக ஆள் தேவைப்பட்டது. இந்தப் பக்கமோ 1876-லிருந்து 1878 வரை தாது வருடப் பஞ்சம் ஊரையே உலுக்கிவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகும் எங்கள் ராமநாதபுரச் சீமைக்கு மழை என்றைக்குமே நம்பக்கூடியதாக இருந்ததில்லை.

ஆள் சேர்க்க வந்தவர் வெள்ளைக்காரத் துரை இல்லை. கங்காணி வந்தார். இந்த ஏற்பாட்டின் உயிரே இங்கேதான் இருக்கிறது. கங்காணி யாரோ ஒரு தரகர் இல்லை. அதே தோட்டத்தில் வேலை பார்த்த ஆள். அவரைத் துரை தேர்ந்தெடுத்து, கையில் பணம் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கே அனுப்புவார். கோட்டு, தலைப்பாகை, கையில் கம்பு என்று அவர் ஊருக்குள் நடந்து வந்தால், பத்து வருடம் முன்னால் கஞ்சிக்கு இல்லாமல் ஓடிப்போனவன் இப்படித் திரும்பியிருக்கிறானே என்று ஊரே பார்க்கும். அதைவிட வேறு விளம்பரம் எதற்கு? தேயிலைத் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசிக்கருவாடும் கிடைக்கும் என்ற பேச்சு அப்படித்தான் பரவியது. மலையகத்தில் இன்றும் இதைச் சொல்வார்கள். அப்பத்தாவும் சொல்வார். "அங்க போயி எங்க ஆத்தா நெசமாவே ஒருதரம் தூரைத் தோண்டிப் பாத்துச்சாம்" என்பார். அதைக் கேட்டு எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

கங்காணி முன்பணம் கொடுப்பார். ஊர்க்கடனை அடைக்க, பயணத்துக்கு, ஒரு கம்பளிக்கு. அந்தப் பணம்தான் கயிறு. தன் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஆள் கணக்கில் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அவர்களுடைய மொத்தக் கடனையும் புதிய தோட்டம் அடைக்க வேண்டும். கடன் தொகையைக் குறித்துக் கொடுக்கும் அந்தச் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதிய அரசாங்க அறிக்கைகளிலும் அது துண்டு என்ற தமிழ்ச் சொல்லாகவே இருக்கிறது. கடன் கைமாறக் கைமாற ஏறிக்கொண்டே போகும், அதோடு சேர்ந்து ஆட்களும் கைமாறுவார்கள்.

1904-ல் இலங்கைத் தோட்ட முதலாளிகள் திருச்சியில் தொழிலாளர் ஆணையம் ஒன்றை அமைத்து ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்தப் பார்த்தார்கள். 1914-ல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபத்தில் ஆட்களைத் தடுத்துவைத்துச் சோதிக்கும் முகாம் வந்தது. அந்த ரயில் நிலையத்துக்கு இன்றும் மண்டபம் கேம்ப் என்றுதான் பெயர். அதே இடத்தில்தான் பிறகு இலங்கை அகதிகளைத் தங்கவைத்தார்கள். அப்பத்தாவின் அம்மாவுக்கு அங்கே நடந்தவற்றில் மறக்காதது ஒன்றுதான்: கட்டியிருந்த சேலையை வாங்கி ஆவியில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். "நெல்லு அவிக்கிற மாதிரி சேலைய அவிச்சாங்க" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

1921-ல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. 1922-ல் இந்தியாவில் குடியேற்றச் சட்டம் வந்தது. உடல் உழைப்புக்காகக் கடல் தாண்டிப் போகிறவர்களை யார் அழைக்கலாம், எப்படி அழைக்கலாம் என்று அது வரையறுத்தது. அடுத்த ஆண்டு, பயணச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்று இலங்கையிலும் ஆனது. 1939-ல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலி ஆள் போவதையே தடுத்தது.

கங்காணியை நான் வெறும் வில்லனாகப் பார்க்கவில்லை. இங்கே பண்ணையில் காலாகாலத்துக்கும் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு அவர்தான் ஒரே கதவு. அப்பத்தாவின் அம்மா, போனதற்காக வருத்தப்பட்டதே இல்லையாம். பொய் சொல்லிக் கூட்டிப்போனதற்குத்தான் வருத்தம். உண்மையைச் சொல்லியிருந்தாலும் வந்திருப்பேனே என்பாராம். ஏமாந்தவர்களைப் பார்த்து 'பேராசை' என்று சட்டென்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். பேராசைக்காரர்கள் கொழுந்து பறிக்கப் போவதில்லை.

அடுத்தது எங்கள் அப்பா. கொத்தனார். 1973-ல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா நாடுகளில் கட்டடங்கள் எழும்பத் தொடங்கின. கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் சபுராளிகள், அதாவது வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதிக்கிறவர்கள், வீட்டுக்கு வீடு இருந்தார்கள். 1979-ல் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து, துபாயில் கொத்தனாருக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆளுக்கு 5,000 ரூபாய் என்றார். அப்பா உழவு மாடு ஒரு ஜோடியை விற்றார். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. பதினொரு பேர் மெட்ராஸ் போய், அங்கிருந்து பம்பாய் ரயில் பிடித்தார்கள்.

பம்பாயில் பெண்டி பஜார் பக்கம் மாடியில் இரண்டு அறை ஆபீஸ். தாராவியில் உறவினர் வீட்டுத் திண்ணையில் தங்கல். மெடிக்கல் என்று ஒரு நாள், போட்டோ என்று ஒரு நாள், பிறகு அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். நாற்பது நாள் கழித்துப் பதினொரு பேரின் கையிலும் ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார்கள். அரபியில் அச்சடித்து, பெயர் மட்டும் ஆங்கிலத்தில் டைப் அடித்தது. அப்பாவுக்கு இரண்டு மொழியும் தெரியாது. ஆனால் அவர் கொத்தனார், நூல் பிடித்துப் பார்க்கிற கண் அவருடையது. அன்றிரவு பதினொரு காகிதத்தையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பதினொன்றிலும் முத்திரை ஒரே இடத்தில், ஒரே சாய்வில், கீழ் ஓரத்தில் ஒரே மாதிரி உடைந்து இருந்தது. கையால் குத்துகிற முத்திரை எப்படி இம்மி பிசகாமல் பதினொரு தரம் விழும்? நகலெடுத்த காகிதம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் போனபோது ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

இதில் அப்பாவை வதைத்தது பணம் மட்டுமில்லை. கூட்டிப்போன அந்தப் பக்கத்து ஊர்க்காரர், ஏற்கெனவே இரண்டு வருடம் அதே பம்பாயில் அதே போலக் காத்துக்கிடந்து பணத்தை இழந்தவர் என்பது பிறகு தெரிந்தது. பத்து ஆளைக் கொண்டுவந்தால் உன் பணம் திரும்பக் கிடைக்கும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பதினொரு பேரைக் கொண்டுவந்தார். அப்பா கடைசிவரை அவர் பேரை வீட்டில் சொன்னதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

அப்போது இந்தியாவில் நடப்பில் இருந்தது அதே 1922-ஆம் வருடத்துச் சட்டம்தான். கப்பலேறும் தோட்டக் கூலிக்காக எழுதியதை வைத்துக்கொண்டு விமானமேறும் கொத்தனாரைக் காக்கப் பார்த்தார்கள். தமிழ்நாடு அரசு 1978-லேயே வெளிநாட்டு வேலைக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தது; எங்கள் ஊரில் அதைச் சொல்ல ஆளில்லை. 1983-ல்தான் புதிய குடியேற்றச் சட்டம் வந்தது. ஏஜென்ட் என்றால் பதிவு வேண்டும், உரிமம் வேண்டும், வாங்குகிற கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. இப்போது அந்த வரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். என் கடைக்கு வருகிற பையன்கள் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு வந்து டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்கிறார்கள். சட்டம் 30,000 என்று சொல்கிறது தம்பி என்றால் நம்ப மறுக்கிறார்கள். அவ்வளவு குறைவாக வாங்குகிற ஏஜென்ட்தான் பொய் என்று நினைக்கிறார்கள்.

வெளிநாட்டு வேலைக்காவது ஒரு சட்டம் வந்தது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு அப்படி எதுவும் இல்லை. 2009-ல் எமனேஸ்வரத்திலிருந்து ஒரு பிள்ளை என் கடைக்குத் தினமும் வரும். பி.காம் முடித்திருந்தது. டேட்டா என்ட்ரி வேலை. 2,500 ரூபாய் கட்டிப் பதிவு செய்து, நூறு ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தக் கையெழுத்தும் போட்டிருந்தது. ஒரு சிடி அனுப்பியிருந்தார்கள். அதில் 500 பக்கப் படங்கள். பத்து நாளில் பார்த்து அடிக்க வேண்டும், நூற்றுக்கு 98 சரியாக இருந்தால்தான் கூலி. நான் அந்தப் பக்கங்களைப் பார்த்தேன். வேண்டுமென்றே மங்கலாக்கிச் சாய்த்த எழுத்து. ஒன்று என்ற எண்ணா, எல் என்ற எழுத்தா, பெரிய 'ஐ' எழுத்தா என்று எவராலும் பிரிக்க முடியாது. யாரும் 98-ஐத் தொடக்கூடாது என்பதற்காகவே செய்த பக்கங்கள். ஆனால் அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. மணிக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு நல்ல கீபோர்டு உள்ள மெஷினைக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

பதினைந்து நாளில் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று மெயிலில் வந்தது. ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், நஷ்ட ஈடு கட்டாவிட்டால் கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று. அவளுடைய அப்பா நெசவாளி. கோர்ட் என்ற சொல்லைக் கேட்டதும் 8,000 ரூபாய் கடன் வாங்கிக் கட்டிவிட்டார். வேலைக்கு ஒரு காசு வரவில்லை, ஆனால் வேலை பார்த்தவள் கடனாளி. துண்டுச் சீட்டு ஒழிந்து 88 வருடம் ஆகியிருந்தது. எல்லாம் முடிந்தபின் அவள் அழுதது வேறொன்றுக்காக: இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கட்டிய பணம் திரும்ப வரும் என்று அவர்கள் சொல்லியிருந்ததால், தன் சித்தி மகளையும் சேர்த்துவிட்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் கண்ணை மூடிக்கொண்டு பிரிண்ட் எடுப்பதை நிறுத்தினேன். ஆஃபர் லெட்டர் என்று யார் வந்தாலும் பெரிதாக்கிப் பார்ப்பேன். அப்பா கற்றுக்கொடுத்த மாதிரி முதலில் முத்திரை. நிஜமான கடிதத்தில் கையெழுத்து முத்திரைமேல் கொஞ்சம் ஏறியோ விலகியோ இருக்கும். பொய்யில் படமாக வெட்டி ஒட்டிய முத்திரையைச் சுற்றி மெல்லிய வெள்ளைச் சதுரம் தெரியும். பிறகு மெயில் முகவரியின் வால், அதாவது @ குறிக்குப் பின்னால் வருவது. பிறகு எந்த வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்கிறார்கள் என்பது. கம்பெனிக்குப் பதிலாகத் தனி ஆள் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். வெளிநாடு என்றால் அரசின் இமைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் உரிம எண்ணைத் தேடுவேன். உண்மையான ஏஜென்டின் எண்ணைத் திருடிப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் எண் சரியாக இருந்தாலும் விடமாட்டேன், தளத்தில் இருக்கும் போன் நம்பருக்கே பேசச் சொல்வேன். பதிவுக்கட்டணம், பயிற்சிக்கட்டணம், லேப்டாப் டெபாசிட், திருப்பித் தருவோம் என்று எந்தப் பெயரில் வேலை கொடுக்கிறவர் காசு கேட்டாலும் எனக்கு அந்த டின் டிக்கெட்தான் ஞாபகம் வரும்.

2022 நடுவில் டிப்ளமோ படித்த ஒரு பையன் தாய்லாந்து டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க வந்தான். டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, மாதம் எழுபதாயிரம், தங்குமிடம் இலவசம். இன்டர்வியூ வாட்ஸ்அப்பில் பத்து நிமிடம், டைப்பிங் வேகம் மட்டும் பார்த்தார்கள் என்றான். விசா? போய் இறங்கி எடுப்பதாம், டூரிஸ்ட் விசா. டூரிஸ்ட் விசாவில் வேலை பார்க்க எந்த நாடும் விடாது தம்பி என்றேன். கோபித்துக்கொண்டான். நான் அவனுடைய அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பயணம் நின்றது. அதோடு அவன் என் கடைக்கு வருவதும் நின்றது.

அந்த செப்டம்பர் 24-ஆம் தேதி வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் வேலை என்று கூட்டிப்போய், எல்லையைச் சட்டவிரோதமாகத் தாண்டவைத்து, மியான்மரில் அடைத்துவைத்து வேலை வாங்குகிறார்கள் என்று. மோய் ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாய்லாந்தின் மே சோட், அந்தப் பக்கம் மியாவாடி. அக்டோபர் 5-ஆம் தேதி 13 தமிழ்ப் பிள்ளைகள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். டிவியில் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் துக்கமாக இருந்தது. அடித்து, ஷாக் வைத்து, பட்டினி போட்டு அங்கே வாங்கிய வேலை என்ன? போலிப் பெயரில் மெசேஜ் அனுப்பி முகம் தெரியாதவர்களை ஏமாற்றுவது. தமிழனை ஏமாற்றத் தமிழ் தெரிந்தவன் வேண்டும். அதற்காகவும் அந்தப் பிள்ளைகளைப் பிடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. தோட்டத்து ஆளையே துரை ஊருக்கு அனுப்பினார்; இவர்கள் ஆளை அனுப்பவும் வேண்டியதில்லை.

2023 டிசம்பரில் பகுதிநேர வேலை என்ற பெயரில் ஏமாற்றிய 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. அதன்பிறகும் என் கடைக்கு வருகிறவர்கள் குறையவில்லை. போன வருடம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தார். ஹோட்டல்களுக்கு ஸ்டார் போடும் வேலை, டெலிகிராமில். மூன்று ஸ்டாருக்கு 150 ரூபாய், நிஜமாகவே அக்கவுண்டில் விழுந்தது. கங்காணி கொடுத்த முன்பணம் மாதிரிதான் அதுவும். பிறகு 1,000 போட்டால் 1,300. அதுவும் வந்தது. பிறகு 5,000, 28,000. பணத்தை எடுக்கப் போனால் மதிப்பெண் குறைந்துவிட்டது, இன்னும் கட்டு என்றார்கள். 1,12,000 போன பிறகுதான் எழுந்து வந்தார். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் போட்டோம். போன சூட்டோடு சொன்னால் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் பிடித்துவைக்க வழி உண்டு. கடைசியாகப் போட்டது மட்டும் பிடிபட்டது.

புகாரோடு இணைக்க அந்த உரையாடல் முழுவதையும் பிரிண்ட் எடுத்தேன். நாற்பத்தோரு பக்கம். எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். சிஸ், டாஸ்க் பெண்டிங், சாப்டீங்களா சிஸ் என்று ஓடுகிறது. முப்பத்தாறாவது பக்கத்தில், இரவு 2:14-க்கு, ஒரே ஒரு வரி தமிழ் எழுத்தில் இருந்தது.

"அக்கா இதுக்கு மேல காசு போட்றாதீங்க."

இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் சிஸ், டாஸ்க் பெண்டிங்.

இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். "வேற யாருக்கோ அனுப்ப வேண்டியத மாத்தி அனுப்பிட்டாங்கன்னு நெனச்சேன்க்கா."

அந்த வரியைப் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் பக்க எண்ணை எழுதி, சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குக் கொடுத்தனுப்பினேன். போட்றாதீங்க என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. மதுரைக்குத் தெற்கே உள்ள பிள்ளை. எந்த ஊர் என்று தெரியவில்லை.